அந்தரம் காணும் கணக்கு

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் அக்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம், இன்று பட்டுத்தறிகளின் ஓசையாலும் திரைலோக்கியநாதர் கோயிலின் விதானச் சித்திரங்களாலும் அறியப்படும் சிற்றூராக இருப்பினும், முன்னொரு காலத்தில் ஜினகாஞ்சி என்ற பெயரோடு திகம்பர சமணரின் கல்விக்குப் பெரியதோர் உறைவிடமாக விளங்கியது. சிம்மவிஷ்ணுவின் தந்தையாகிய பல்லவன் சிம்மவர்மன், பருத்திக்குன்றத்தைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் குரவருக்கு ஓர் ஊரைத் தானமாக அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்லுகிறது. விஜயநகர மன்னன் இரண்டாம் ஹரிஹரனுடைய மந்திரியாகிய இருகப்பன் 1387ஆம் ஆண்டில் இங்கே சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தான். இவ்வூரையும் இதன் கோயில்களையும் குறித்து டி. என். இராமச்சந்திரன் எழுதி, 1934இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலை வெளியிட்ட நூலுக்குப் பிறகு, சிற்பத்தையும் சித்திரத்தையும் பற்றிப் புதிதாகச் சொல்ல எஞ்சியிருப்பது சிறிதே. நான் எடுத்துக்கொண்டது கணிதத்தின் ஒரு சிறு கிளை. வரிசையாக நிற்கும் எண்களில் ஒன்றுக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள அந்தரத்தைக் காணும் வழக்கம் காஞ்சியைச் சுற்றிய நாட்டில் எவ்வாறு பயின்று வந்தது என்பதையும், அதே வழக்கம் இந்த நாட்டோடு யாதொரு தொடர்புமின்றிக் கணிப்பொறி மொழிகள் சிலவற்றில் ஒற்றைக் குறியாக எவ்வாறு அமைந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே என் நோக்கம்.

மூவுலகுக்கும் நாதர் என்று இவ்வூர் இறைவனுக்குப் பெயர் அமைந்திருப்பது வெறும் துதியன்று. சமண சமயத்தார் மூவுலகையும் எண்களால் அளந்தவர்கள். யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும், பத்தாம் நூற்றாண்டினராகிய நேமிசந்திரரின் திரிலோகசாரமும், தீவுகளின் விட்டத்தையும் கடல்களின் அகலத்தையும் சோதிகளின் உயரத்தையும் யோசனைக் கணக்கில் அடுக்கிச் செல்லும் நூல்களாகும். பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டிலும் சக வருஷம் 380லும், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்னும் முனிவர் லோகவிபாகம் என்ற நூலை இயற்றினார் என்று, அதன் வழிவந்த சிம்மசூரியின் வடமொழி நூல் குறிக்கிறது. சுழியோடு கூடிய ஸ்தானமுறை எண்களைத் தெளிவாக வழங்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகச் சரித்திர ஆசிரியர்கள் அதனைப் போற்றுகின்றனர். காஞ்சி மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டே அந்நூலின் காலம் நிர்ணயிக்கப்படுகிறது என்பது இந்நாட்டார் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

இந்த லோக சாஸ்திரத்தில் சூரியனின் சஞ்சாரத்தைப் பற்றிய ஒரு பகுதி நம் விஷயத்துக்கு நேரே பொருந்துவது. சூரியனுக்கு 184 வீதிகள் உண்டு என்றும், மிக உள்ளான வீதியில் அவன் செல்லும்போது பகற்பொழுது 18 முகூர்த்தம் என்றும், மிக வெளியான வீதியில் செல்லும்போது 12 முகூர்த்தம் என்றும், ஒரு வீதியினின்று அடுத்த வீதிக்கு அவன் பெயரும்போது பகல் ஒரு முகூர்த்தத்தின் 61 கூறுகளில் 2 கூறு குறையும் என்றும் அந்நூல்கள் வகுத்துரைக்கின்றன. வீதிகள் 184 எனினும் அவற்றிடையே உள்ள இடைவெளிகள் 183 தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 183ஐ இரண்டால் பெருக்கி 61ஆல் வகுக்க, 6 முகூர்த்தம் சரியாக வந்து நிற்கும். மதிப்புகளின் தொகையைக் காட்டிலும் அந்தரங்களின் தொகை ஒன்று குறைவு என்னும் இந்த விதியை இன்றும் கணக்கு எழுதுவோர் அடிக்கடி மறந்து இடறுகின்றனர். அப்பழைய சமண நூல்கள் இதில் இடறவில்லை.

ஆயினும் அக்கணக்கு வானத்தோடு ஒத்ததா என்றால், ஒக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 18 முகூர்த்தம் என்பது 36 நாழிகை. காஞ்சியின் மிக நீண்ட பகலோ 32 நாழிகையைச் சற்றே தாண்டுவது. அந்த அளவு நமக்கு வெகு வடக்கேயுள்ள தேசங்களுக்கு உரியது. அதனினும் பெரிய குறை, நாள்தோறும் ஒரே அந்தரம் என்று கொண்டது. பங்குனியிலும் புரட்டாசியிலும் பகலின் அளவு விரைந்து மாறுவதும், ஆனியிலும் மார்கழியிலும் பல நாள் அசையாதது போல் நிற்பதும் நிழலை அளப்பவர் எவரும் காணக்கூடியவை. தன் அளவில் வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்று இவ்வூர்க் கோயிலிலுள்ள குரா மரத்தைப் பற்றி ஐதிகம் ஒன்று உண்டு. அந்தரம் சுழியாகவே இருக்கும் பொருள் ஐதிகத்தில் இருக்கலாம். அந்தரம் மாறாமலே இருக்கும் பொருளும் சாஸ்திரத்தில் இருக்கலாம். வானத்தில் இரண்டும் இல்லை.

அந்தரமே மாறும் என்பதை ஏற்று, அந்த மாற்றத்தையே அட்டவணையாக்கிய பெருமை ஆரியபடரைச் சேரும். கி.பி. 499ஐத் தம் நூலிலேயே குறித்துச் செல்லும் அவர், வட்டத்தின் கால் பகுதியை 24 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய ஜ்யா (சைன்) மதிப்பைக் கூறாமல், ஒரு ஜ்யாவுக்கும் அதற்கு முந்தியதற்கும் உள்ள அந்தரத்தை மட்டும் ஒரே செய்யுளில் அடக்கினார். 225, 224, 222, 219, 215 என்று தொடங்கும் அந்த எண்கள் படிப்படியாகச் சுருங்கி, 37, 22, 7 என்று முடிகின்றன. இருபத்து நான்கையும் கூட்டினால் 3438 வரும். அதுவே வட்டத்தின் ஆரம். முழு மதிப்புகளை நான்கு இலக்க எண்களாக மனனம் செய்வதைவிட மூன்று இலக்கமே உள்ள அந்தரங்களை மனனம் செய்வது எளிது என்பது இதில் ஓர் அனுகூலம். அந்தரங்களுக்கும் அந்தரம் எடுத்துப் பார்த்தால் 1, 2, 3, 4, 5 என்று வளர்ந்து கடைசியில் 15இல் நிற்கும். அந்த இரண்டாம் அந்தரம் ஜ்யாவின் மதிப்புக்கே விகிதமானது என்ற உண்மையும் ஆரியபடரின் கணித பாதத்தில் சூத்திரமாக உள்ளது. பிற்காலத்தில், கி.பி. 665இல் இயற்றிய கண்டகாத்யகத்தில், பிரம்மகுப்தர் கடந்த அந்தரத்தையும் கடக்கவிருக்கும் அந்தரத்தையும் சேர்த்து நோக்கி இடைப்பட்ட மதிப்பைக் காணும் முறையை வகுத்தார். இவையெல்லாம் வடக்கே நிகழ்ந்தவை. தமிழ்நாட்டில் பஞ்சாங்கம் கணித்தவர்கள் வேறொரு வழியில் சென்றனர்.

அவ்வழியே வாக்கிய முறை. அறிஞர் டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்த வாக்கியகரணம் என்னும் நூல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது. அதன் ஆசிரியர் காஞ்சி வட்டாரத்தவர் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அதற்கு லகுபிரகாசிகை என்ற உரை வகுத்த சுந்தரராஜர், கேரளத்து நீலகண்ட சோமயாஜியின் காலத்தவர். அவர் எழுப்பிய ஐயங்களுக்கு நீலகண்டர் விடை எழுதியதாகவும் அறிகிறோம். மலையைக் கடந்து இரு நாட்டுக் கணிதரும் ஓலை வழியாக வாதம் புரிந்த காலம் அது. நம் நாட்டுச் சரித்திர நூல்கள் போர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இத்தகைய வாதங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

வாக்கியம் என்பது எண்ணை எழுத்தால் குறிக்கும் சிறு வடமொழித் தொடர். கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஜகரம் 8, யகரம் 1. ஆகவே ஜய என்னும் சொல்லை வலமிருந்து படித்தால் 18. இவ்வாறு அமைந்த 248 தொடர்கள் வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள். 248 என்ற எண் ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான தன் உச்சத்தினின்று புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய இருபத்தேழரை நாளுக்குச் சற்று அதிகமாகும். ஒன்பது முறை அடைய ஏறத்தாழ 248 நாள் ஆகும். அந்த 248 நாளில் முழுச் சுற்றுகள் போக அவன் கடக்கும் தூரம் 27 பாகை 44 கலை. இன்னும் நுட்பமாக ஒத்துவர 3031 நாள் சக்கரமும் 12372 நாள் சக்கரமும் வகுக்கப்பட்டன. அவை முறையே 110 சுற்றும் 449 சுற்றும் கொண்டவை. கலியுகத் தொடக்கம் முதல் சென்ற நாள்தொகையில் கண்டம் எனப்படும் ஒரு குறித்த நாள்தொகையைக் கழித்து, எஞ்சியதை இப்பெரிய சக்கரங்களால் வகுத்து, இறுதியில் 248க்குள் நிற்கும் எச்சத்தைக் கொண்டு, அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தை நினைவுகூர்ந்து, அச்சக்கரங்களுக்கு உரிய துருவங்கள் என்னும் நிலை எண்களைக் கூட்டினால் அன்றைய சூரியோதயத்தில் சந்திரன் நிற்கும் இடம் கிடைத்துவிடும். ஜ்யா வேண்டுவதில்லை, பெருக்கலும் மிகச் சிறிதே.

இடம் கிடைத்தால் மட்டும் பஞ்சாங்கம் ஆகாது. திதி எப்பொழுது முடியும், நட்சத்திரம் எப்பொழுது மாறும் என்பதற்குச் சந்திரனின் அன்றைய வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு வேறு அட்டவணை கிடையாது. இன்றைய வாக்கியத்தை நாளைய வாக்கியத்தினின்று கழித்தால் அதுவே வேகம். முதல் நான்கு வாக்கியங்களின் மதிப்பைப் பார்ப்போம்: 12 பாகை 3 கலை, 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை, 48 பாகை 44 கலை. ஒன்றினின்று ஒன்றைக் கழிக்க, 12 பாகை 6 கலை, 12 பாகை 13 கலை, 12 பாகை 22 கலை என்று வரும். உச்சத்தருகே மெதுவாகச் செல்லும் சந்திரன் நாளுக்கு நாள் விரைவு கொள்வதை இந்த அந்தரங்கள் கண்ணெதிரே காட்டுகின்றன. பூமிக்கு மிக அருகான நீசத்தை அணுகும்போது இவை 14 பாகையைத் தாண்டும். சித்திரை மாதத்தில் சூரியன் ஒரு நாளில் 58 கலை செல்கிறான். சந்திரனின் அந்தரம் 12 பாகை 22 கலையாக உள்ள நாளில் இருவரும் விலகும் அளவு 11 பாகை 24 கலை, அதாவது 684 கலை. உதயத்தில் திதி முடிய இன்னும் 342 கலை எஞ்சியிருந்தால், 684க்கு அது பாதி; ஆகவே திதி 30 நாழிகைக்கு முடியும், அதாவது ஏறக்குறைய சூரியாஸ்தமன வேளையில். பஞ்சாங்கத்தில் திதியின் பெயரோடு நாம் காணும் நாழிகை விநாடிக் கணக்கு முழுவதும் அண்டை எண்களைக் கழித்துப் பெற்ற பயனேயாகும்.

சூரியனுக்கு அதே ஆசிரியர்கள் கைக்கொண்ட முறை இதற்கு நேர்மாறானது. யோக்யாதி வாக்கியங்கள் என்று பெயர் பெற்றவை 48. மாதத்துக்கு நான்கு வீதம், எட்டு எட்டு நாளைக்கு ஒன்று. நாளொன்றுக்கு ஒரு பாகை என்று சூரியன் செல்வதாக வைத்துக்கொண்டு, மெய்யான செலவு அதற்கு எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் அவை கூறும். மேஷ மாதத்துக்கு 11, 14, 16, 17 கலை. எட்டாம் நாள் முடிவில் 8 பாகையில் 11 கலை குறைக்க வேண்டும், பதினாறாம் நாளில் 11ஐயும் 14ஐயும் கூட்டிய 25 கலையை 16 பாகையில் குறைக்க வேண்டும், அடுத்து 41, அதற்கடுத்து 58. சூரியன் விரைந்து செல்லும் குளிர்கால மாதங்களில் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். ஆகவே சந்திரனுக்கு மதிப்புகளை மனனம் செய்து அந்தரத்தைக் கழித்து எடுத்தனர். சூரியனுக்கு அந்தரத்தை மனனம் செய்து மதிப்பைக் கூட்டி எடுத்தனர். கழிப்பதும் கூட்டிக்கொண்டே போவதும் ஒன்றை ஒன்று அவிழ்க்கும் இரு வினைகள் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடத்தை நான் எங்கும் கண்டதில்லை.

ஏன் இந்த வேற்றுமை என்று எண்ணிப் பார்க்கையில், மனனத்தின் சுமையும் பிழையின் போக்கும் சேர்ந்தே இதனைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தரங்களை மட்டும் வைத்துக்கொண்டால், இடையில் ஒன்று பிழைத்தாலும் அதற்குப் பின்வரும் மதிப்புகள் அத்தனையும் பிழைபடும். 248 நாள் வரை அந்தப் பிழை தொடர்ந்து வருவதை எந்தக் கணிதரும் பொறுக்கமாட்டார். சூரியனின் வாக்கியங்களோ மாதந்தோறும் சங்கிரமணத்தில் புதிதாகத் தொடங்குவதால், பிழை நேர்ந்தாலும் நான்கு எண்ணுக்குள் அது அடங்கிவிடும். மதிப்புகளாக வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏட்டைப் பெயர்த்தெழுதுபவர் மூன்றாம் வாக்கியத்தில் ஓர் எழுத்தை மாற்றி, 36 பாகை 22 கலைக்குப் பதிலாக 36 பாகை 32 கலை வருமாறு எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்புகளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. அந்தரம் எடுத்தால் 12 பாகை 6 கலை, 12 பாகை 23 கலை, 12 பாகை 12 கலை என்று ஏறி இறங்கும். 3, 7, 9 என்று வர வேண்டிய இரண்டாம் அந்தரம் 3, 17 என்று எழும்பி, அடுத்து 11 குறைவாக வீழும். உச்சத்தினின்று சீராக விரைவுகொள்ளும் சந்திரன் அவ்வாறு துள்ளுவதில்லையாதலால், பிழை எந்த வாக்கியத்தில் என்பதும் எத்தனை கலை என்பதும் உடனே புலப்பட்டுவிடும்.

இக்கணிதம் நிகழ்ந்த விதத்தை நேரில் கண்டு எழுதிவைத்தவர்கள் அயல்நாட்டார். சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதைக் காண வந்து, 1769இல் புதுச்சேரியின் வானில் மேகம் மூடியதால் அக்காட்சியை இழந்த பிரெஞ்சு வானநூலார் லெ ஜாந்தீல், அவ்வூரில் தங்கிய நாளில் தமிழ்க் கணிதர் கிரகணம் கணிப்பதைக் கற்றுத் தம் நூலில் விவரித்தார். எழுதுகோலின்றி, சோழிகளைப் பரப்பி நகர்த்தி, மனனமாக உள்ள வாக்கியங்களைக் கொண்டு அவர்கள் விரைந்து கணித்த முறை அவரை வியப்பிலாழ்த்தியது. சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்னும் நூலில் இம்முறையை இன்னும் விரிவாகத் தந்தார். புதுச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருக்காகத் தரையில் சோழிகளை அடுக்கிக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிழை இருந்தது. சித்தாந்தத்தின் காரணங்களை அக்கணிதர் அறியார் என்று வாரன் எழுதினார். அது குறையென்றால் குறைதான். எனினும், நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த எண்களை வைத்துக்கொண்டு, காரணம் அறியாத ஒருவரும் பிழையை ஒரு மணிக்குள் அடக்க முடிந்தது என்றால், அந்த முறையை வகுத்தவர்கள் அதனை எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும்! அதே காலத்தில் லண்டனில் சார்லஸ் பாபேஜ், 1822இல் தாம் காட்டிய சிறு மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, அந்தரங்களை மேன்மேலும் கூட்டி அட்டவணைகளைத் தானே உண்டாக்கும் பொறி ஒன்றைச் செய்ய அரசாங்கத்தின் பொருளுதவியோடு முயன்றுகொண்டிருந்தார். பொறி அவர் காலத்தில் நிறைவேறவில்லை. புதுச்சேரியின் சோழிகளுக்கு அரசாங்க உதவி எதுவும் தேவைப்படவில்லை.

இக்கணக்குக்கும் திருப்பருத்திக்குன்றத்துத் தறிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அது மறைமுகமானது. காஞ்சிப் பட்டின் வியாபாரம் கல்யாண முகூர்த்தங்களைச் சார்ந்தது. திதியும் நட்சத்திரமும் கூடிவரும் நாள்கள் ஒரு மாதத்தில் அதிகமானால் நெசவாளருக்கு வேலை மிகும். ஆடியிலும் மார்கழியிலும் சோர்ந்து கிடக்கும். அந்நாள்களை நிர்ணயிப்பது முன்னே சொன்ன அந்தரமே. தறியின் மேலேயுள்ள ஜக்கார்டு பெட்டியைப் பார்ப்பவர்க்கு இன்னொன்றும் விளங்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. அந்த ஊடைக்குப் பாவின் எந்தெந்த இழை உயர வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. முந்திய அட்டைக்கும் இதற்கும் என்ன மாறுதல் என்பதை அவை சொல்வதில்லை. அட்டைகள் சந்திர வாக்கியத்தைப் போன்றவை. ஓர் அட்டை கிழிந்தால் ஓர் ஊடை மட்டுமே கெடும்.

1962ஆம் ஆண்டில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று, சென்னை குப்புஸ்வாமி சாஸ்திரி ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வாக்கியகரணப் பதிப்பு. முன்னே குறித்த இரு அறிஞரின் உழைப்பு. மற்றொன்று, கனடா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த கென்னத் ஐவர்சன் எழுதிய ‘ஏ புரோகிராமிங் லாங்க்வேஜ்’. இரண்டையும் ஒருங்கே படித்தவர் அந்த ஆண்டில் ஒருவரேனும் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஐவர்சன் வகுத்த குறியீடு, நூலின் பெயரினின்றே ஏ.பி.எல். என்று பெயர் பெற்று, 1966 முதல் கணிப்பொறியில் இயங்கியது. அதற்காக அவருக்கு 1979இல் டூரிங் பரிசு கிடைத்தது. எண்களைத் தனித்தனியே எடுத்து ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லும் ஏனைய மொழிகளைப் போலன்றி, வரிசை முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு அதன்மேல் வினையைச் செலுத்துவது இம்மொழியின் இயல்பு. வினைக்குறிக்குப் பின்னே சாய்கோடு ஒன்றை இட்டால், அவ்வினை எண்களுக்கு நடுவே புகுத்தப்படும். கூட்டல் குறியோடு பின்சாய்கோட்டை இட்டால், 11, 14, 16, 17 என்ற வரிசை 11, 25, 41, 58 ஆகும். சூரிய வாக்கியத்தின் வேலை இரண்டே குறியில் முடிந்தது. பின்னாளில் இம்மொழி விரிவடைந்தபோது, கழித்தல் குறிக்கும் சாய்கோட்டுக்கும் முன்னே 2 என்ற இலக்கத்தை இட்டால், இரண்டிரண்டாக அண்டை எண்களை எடுத்துக் கழிக்கும் வழியும் அதில் அமைந்தது. சந்திர வாக்கியங்கள் 248ஐயும் கலையாக்கி வரிசையாக வைத்து அக்குறியை இட்டால், சந்திரனின் ஒன்பது சுற்றின் வேகம் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. இரண்டும் பழைய கணிதர் அறிந்தவையே. ஏ.பி.எல். முன்னதினின்று பின்னதைக் கழிக்கும். வளரும் வரிசையாயின் விடை குறை எண்ணாக வரும். ஆகையால் ஐவர்சனும் ரோஜர் ஹுவியும் 1990இல் உண்டாக்கிய ஜே மொழியில், கழிக்கும் திசையை மாற்றுவதற்குத் தனிக்குறி ஒன்றைச் சேர்த்து எழுதுவர். மற்றொரு நுட்பம், முதல் எண்ணை என் செய்வது என்பது. 723, 1449, 2182, 2924 என்ற நான்கு மதிப்புகளுக்கு 726, 733, 742 என்று மூன்று அந்தரமே வரும். முதல் எண்ணுக்கு முன்னே அண்டை இல்லை. ஏ.பி.எல். மூன்றோடு நின்றுவிடுகிறது. ஆர்தர் விட்னி உண்டாக்கிய கே மொழியின் வழிவந்ததும், பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காண இன்று பெரிதும் வழங்குவதுமான க்யூ மொழியிலோ, டெல்டாஸ் என்னும் வினை முதல் எண்ணுக்கு முன்னே சுழி இருப்பதாகக் கொண்டு, 723, 726, 733, 742 என்று நான்கையும் தருகிறது. முதல் மதிப்பு வீணாகாததால் இந்த விடையைக் கூட்டிக்கொண்டே போனால் பழைய வரிசை பழுதின்றி மீளும். ஆரியபடரின் முதல் அந்தரம் 225 என்பதும் சுழியினின்று எடுத்ததே. முதல் சந்திர வாக்கியமாகிய 12 பாகை 3 கலையும், உச்சத்தில் சுழி என்று தொடங்கிய சந்திரனின் முதல் நாள் அந்தரமே. இவ்விஷயத்தில் க்யூ மொழியின் தீர்ப்பே சரியென்பது என் அபிப்பிராயம். 184 வீதிக்கு 183 இடைவெளி என்று நிறுத்திய சமண ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு. உள்வீதிக்கு அப்பால் சூரியனுக்கு வேறு வீதி இல்லையாதலால், அங்கே சுழியைக் கற்பிப்பது பொருந்தாது. தொடக்கம் மெய்யாகவே சுழியா, அன்றி இடையில் எடுத்துக்கொண்டதா என்பதை அறிந்தே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அச்சாகி, பல கோயில்களில் திருவிழா நாள் குறிக்கப் பயன்பட்டு வருகிறது. திருக்கணிதத்துக்கும் அதற்கும் உள்ள வேற்றுமையைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் விவாதத்தில் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் பஞ்சாங்கம் கணித்த குடும்பங்களில் பிறந்த வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டின் பரணில் வாக்கிய ஏடுகள் இருந்து, அவை செல்லரித்தும் எழுத்து மயங்கியும் கிடந்தால், இனிப் பயனில்லை என்று ஆற்றில் விட்டுவிட வேண்டாம். முழு நூலும் கிடைக்காவிடினும், ஒரே பிரதியாயினும், நடுவே ஒரு வாக்கியம் அழிந்திருந்தாலும், இருபுறத்து எண்களின் அந்தரத்தைக் கொண்டு அழிந்ததை மீட்க முடியும். பிழையாக எழுதியதைத் திருத்தவும் முடியும். அவற்றைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ, பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்திலோ சேர்ப்பித்தால், கணிதமும் வடமொழியும் அறிந்த இளைஞர் எவரேனும் ஒருநாள் அவற்றை வரிசையாக அமைத்துக் கழித்துப் பார்ப்பார்.